நறுக்குகளின் பின்பக்கம்

காலை எட்டு நாற்பது. மாடிப்படி முடியும் இடத்தில் இரண்டு சோடிச் செருப்புகள் சுவரோடு ஒட்டி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்று தோல், மற்றது நீல வார் வைத்த இறப்பர். நூலகத்தின் கதவு இன்னும் பூட்டித்தான் இருந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது. செருப்புகளுக்கு உரியவர்கள் கடைசிப் படியில் வெறுங்காலுடன் உட்கார்ந்து பனிஸ் தின்றுகொண்டிருந்தார்கள். இருவருக்கும் எண்பதை ஒட்டிய வயது.

"ஒன்பதுக்குத்தான் திறக்கிறது," என்றேன்.

"தெரியும் மிஸ். போர்ட்ல வேலை செய்தனாங்க. நேரத்துக்கு முந்தி வராட்டி எங்களுக்குப் பதறும்," என்றார் ஒருவர்.

"இவருக்கு இப்ப எல்லாத்துக்கும் பதறும்," என்றார் மற்றவர்.

"செருப்பை ஏன் கழற்றினீங்க? இங்க தேவையில்லையே."

"இவன்தான் சொன்னான், புத்தகம் இருக்கிற இடம், கழட்டடா எண்டு. தான் ஒரு புத்தகமும் படிச்சதில்ல, அதுதான் பயம்," என்றார் மற்றவர் மீண்டும்.

முதலில் பேசியவர் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். மற்றவர் அதே துறைமுகத்தின் களஞ்சியத்தில் ஸ்டோர்காரராக இருந்தவர். இருவரும் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே தெருவில் வயதானவர்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலில் காலைப் பூசை கண்டுவிட்டு நடந்து வருவார்கள். அன்றும் செவ்வாய்க்கிழமை.

எங்கள் நூலகம் ஒரு போட்டோ கொப்பிக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை மண்டபம். கீழே இயந்திரம் ஓடத் தொடங்கினால், மேலே என் தேநீர்க் கோப்பைக்குள் இருக்கும் கரண்டி மெல்ல அதிரும். அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் நிதியத்துக்குச் சொந்தமானது. நான் வெள்ளவத்தையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன். அதற்கு முன் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியராகவும், கடைசி வருடங்களில் அதன் நூலகப் பொறுப்பாளராகவும் இருந்தேன். பத்திரிகை அறைகளைக் குறைத்தபோது நூலகம் ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்துக்குப் போனது. அங்கே ஒரு வெள்ளத்தில் கீழ்த் தட்டுகளில் இருந்த பத்திரிகைத் தொகுதிகள் போயின. மேல் தட்டுகளில் இருந்த நறுக்குகள், அதாவது செய்தி செய்தியாக வெட்டி எடுத்து வைத்த துண்டுகள், தப்பின. அவற்றை இந்த நிதியம் கேட்டு வாங்கியது. நறுக்குகளோடு நானும் வந்தேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைத் தொடுவதில்லை. கடவுச்சீட்டுக்கு இணையத்தில் நேரம் பதிய வருகிறார்கள். பரீட்சைப் பெறுபேறு பார்க்க வருகிறார்கள். தொலைபேசியில் வந்த ஒரு கோப்பைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லி வருகிறார்கள். ஒரு நாள் ஒரு பெண், பேலியகொடைச் சந்தையில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவர், கை ஈரம் காயாமலே தொலைபேசியை என் மேசையில் வைத்து ஒரு குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். நாளை முதல் மூன்று நாட்களுக்குத் தண்ணீர் வராது, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்றது ஒரு ஆண் குரல்.

"மிஸ், இது மெய்யா?"

மீண்டும் போட்டுக் கேட்டேன். எந்த நாளைய நாளை என்று இல்லை. எந்த ஊர் என்று இல்லை. பேசுபவர் யார் என்றும் இல்லை. அவருடைய தண்ணீர்க் கட்டணப் பற்றுச்சீட்டில் அச்சிட்டிருந்த இலக்கத்துக்கு அங்கிருந்தே அழைக்கச் சொன்னேன். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அன்றிலிருந்து அவர் தனக்கு வரும் எல்லாக் குரல் செய்திகளையும் எனக்கு அனுப்பி வைக்கிறார். நான் பார்ப்பது எப்போது, எங்கே, யார் சொன்னது என்ற மூன்றையும்தான். பத்திரிகை மேசையில் கற்றது அவ்வளவே. அது இன்றைக்கும் போதுமாக இருக்கிறது.

அன்று வந்த இருவரில் கிரேன்காரருக்கு ஒரு தேவை இருந்தது. கதவைத் திறந்து மின்விசிறியைப் போட்டதும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"மிஸ், ஒரு போட்டோ வேணும். பேப்பர்ல வந்தது."

"யாருடைய போட்டோ?"

"என்ட."

"பொய் மிஸ்," என்றார் ஸ்டோர்காரர் பின்னால் நின்றபடி. "ஏறினது மெய். பேப்பர்ல வந்தது பொய்."

விஷயம் இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரைப் புத்தாண்டுக்குத் துறைமுகத் தொழிலாளர்கள் விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள். கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, பனிஸ் தின்னும் போட்டி, கடைசியில் கிறீஸ் பூசிய வழுக்குமரம். மனிதர்கள் தோள்மேல் தோளாக நிற்க, இளைஞனாக இருந்த கிரேன்காரர் அவர்கள்மேல் ஏறி, உச்சியில் கட்டியிருந்த கொடியைப் பறித்தார். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ எங்கள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. அவர் ஒரு பிரதி வாங்கி வைத்திருந்தார்.

"அது எங்க?"

"எண்பத்திமூண்டில வீட்டோட போயிட்டு."

இப்போது ஏன் தேடுகிறார் என்றும் அவரே சொன்னார். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. மகள் கனடாவுக்கு வரச் சொல்லிவிட்டாள். விசா வந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் பயணம்; திரும்பி வரும் யோசனை இல்லை. பேரப்பிள்ளைகளிடம் வழுக்குமரக் கதையைத் தொலைபேசியில் பல தடவை சொல்லியிருக்கிறார். அவர்கள் கூகுளில் தேடிவிட்டு, அப்படி ஒன்றும் இல்லையே என்கிறார்களாம்.

"இங்க ரோட்டில போனா எல்லாருக்கும் என்னைத் தெரியும் மிஸ். அங்க நான் ஒரு கிழவன், அவ்வளவுதான். ஹோல்ல ஒரு கதிரையில இருத்தி வைப்பினம். அந்தக் கதிரையில இருக்கிறது ஆர் எண்டு அதுகளுக்குத் தெரியோணும்."

ஸ்டோர்காரர் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டார்.

"எந்த வருடம்?" என்று கேட்டேன்.

"எழுபத்தியொண்டு."

"எழுபத்திநாலு," என்றார் ஸ்டோர்காரர். "எழுபத்தியொண்டில நீ எலும்பும் தோலும். உன்னை ஒரு மரம் தாங்கியிருக்கும், ஆள் தாங்கியிருக்கமாட்டான்."

இதில்தான் சிக்கல். பழைய பத்திரிகை வேண்டுமானால் அரச சுவடிக்கூடத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே கேட்பதற்குத் திகதி தெரிய வேண்டும். எங்களிடம் இருப்பவை நறுக்குகள். அவற்றைக் கேட்பதற்குத் திகதி வேண்டாம், பொருள் தெரிந்தால் போதும். 'துறைமுகம்' உறைகளையும் 'விளையாட்டு' உறைகளையும் 'புத்தாண்டு' உறைகளையும் அன்றே எடுத்துப் பார்த்தேன். வேலைநிறுத்தங்கள் இருந்தன. கிரிக்கெட் இருந்தது. வாழ்த்துச் செய்திகள் இருந்தன. வழுக்குமரம் இல்லை. வெட்டத் தகுந்தது என்று அதை அன்று யாரும் நினைக்கவில்லை.

ஸ்கேன் செய்து வைத்த நறுக்குகளில் சொல்லைத் தட்டியும் கணினியில் தேடிப் பார்த்தோம். பழைய அச்சில் 'லை'யும் 'னை'யும் தும்பிக்கையோடு நிற்கும். எழுத்தறியும் மென்பொருள் அந்தத் தும்பிக்கையைக் கண்டால் தடுமாறி வேறு ஏதோ எழுதும். 'வழுக்கு' என்று கேட்டால் வழக்குகளைத் தந்தது.

"கோர்ட்டுக்கா வந்தனாங்க?" என்றார் ஸ்டோர்காரர்.

அப்போது என் சக ஊழியர் தலையை நிமிர்த்தினார். ஹட்டன் பக்கத்துப் பெண். கணினி படித்து, திருமணமாகிக் கொழும்புக்கு வந்தவர். நறுக்குகளை ஸ்கேன் செய்யும் வேலை முழுவதும் அவருடையது.

"அக்கா, நம்ம பின்பக்கத்துல பாத்தா என்ன?"

பின்பக்கம் என்பது ஒரு கோப்புறையின் பெயர். அதைப் புரிந்துகொள்ள எங்கள் பத்திரிகை நூலகத்தின் ஒரு விதியைச் சொல்லவேண்டும். எனக்கு முன்பிருந்தவர்கள் ஏற்படுத்தியது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு செய்தியில் அமைச்சரின் பெயர் வந்தால், அந்த நறுக்கைக் கனத்த தாளில் கோதுமை மாப் பசை பூசி முழுவதுமாக ஒட்டிக் கோப்பில் கட்டவேண்டும். அமைச்சர் வராத செய்தியைச் சும்மா உறைக்குள் போட்டால் போதும். காரணம் எளிது. அமைச்சர் செய்திகளை ஆசிரியபீடம் அடிக்கடி கேட்கும், பல கை மாறும், ஒட்டாவிட்டால் கிழிந்துவிடும். மழைவீழ்ச்சியை வருடத்துக்கு ஒரு முறைகூட யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே அமைச்சர்களுக்குப் பின்பக்கம் இல்லை. மற்றவர்களுக்கு இருந்தது.

உறையில் கிடந்த ஒவ்வொரு நறுக்கையும் இந்தப் பெண் இரு பக்கமும் ஸ்கேன் செய்துவந்ததை நான் சில மாதங்களுக்குப் பிறகுதான் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன்.

"பின்னாடியும் அச்சடிச்சிருக்குங்களே அக்கா. எது முன்பக்கம்னு யாரு முடிவு பண்ணுனது? கத்தரிக்கோல் வச்சிருந்தவங்கதானே."

ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். அந்தக் கோப்புறையில் தலைப்பு இல்லை, பொருள் இல்லை, ஒழுங்கு இல்லை. பாதி சினிமா விளம்பரம். பால்மா விளம்பரக் குழந்தையின் ஒரு கால். விடை தெரியாத குறுக்கெழுத்துப் போட்டி. புனிதருக்கு நன்றி சொல்லி, நடுவாக்கியத்தில் வெட்டுப்பட்டுப் போன ஒரு விளம்பரம். காணாமல் போனவரின் அடையாளம் இருந்து முகம் இல்லாத அறிவித்தல். தேடவே முடியாது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கத்தான் முடியும்.

"எத்தனை இருக்கு?" என்றார் கிரேன்காரர்.

"ஆயிரக்கணக்குல இருக்குங்க ஐயா."

"பரவாயில்ல. நான் கிரேன்ல இருந்து கப்பல் வாறதைப் பாத்துக்கொண்டு இருந்தவன்."

அப்படித்தான் அது தொடங்கியது. செவ்வாய்க்கிழமை மட்டும் என்பது போய், செவ்வாயும் வெள்ளியும் என்றாகி, பிறகு தினமும் ஆனது. இருவருக்கும் ஒரு கணினி ஒதுக்கினோம். அம்புக்குறி விசையை கிரேன்காரர் அழுத்துவார், பார்ப்பது இருவரும். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, காதில் அவர்களுடைய பேச்சு விழுந்துகொண்டிருக்கும்.

"நில்லு, நில்லு. பின்னுக்குப் போ. இந்த சவுக்காரம் ஞாபகம் இருக்கா?"

"உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நீ குளிச்சவனா?"

"இந்தத் தியேட்டர் இப்ப என்ன?"

"கார் பார்க்."

"அடுத்தது போடு. இது ஆர்? ஒரு காது மட்டும் இருக்கு."

"காதைப் பாத்தா பெரிய ஆள் மாதிரித்தான் இருக்கு."

பரீட்சைக்குப் படிக்க வந்த ஒரு மாணவி அவர்களைச் சத்தம் குறைக்கச் சொன்னாள். அடுத்த நாள் அவளே எழுந்துபோய் அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வாசகர் சிலர் அங்கேயே ஒரு சுற்று நின்றுவிட்டுத்தான் தங்கள் மேசைக்குப் போனார்கள். எங்கள் நூலகத்தில் ஒரே திரையைப் பலர் சேர்ந்து பார்த்தது அந்த வாரங்களில்தான்.

பயணத்துக்குப் பத்து நாள்போல இருந்தபோது, மதிய நேரம், ஸ்டோர்காரர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இது நான்!"

திரையில் ஒரு படத்தின் கீழ்ப்பாதி இருந்தது. ஒரு கம்பம். அதைச் சுற்றி மனிதர்கள் தோள்மேல் தோளாக. எல்லோருக்கும் கீழே, கன்னம் கம்பத்தில் அழுந்த, வாய் திறந்து, கிறீஸ் வழியும் முகத்தோடு கமராவைப் பார்க்கும் ஓர் இளைஞன். ஸ்டோர்காரரின் மூக்கும் புருவமும் அன்று இருந்தபடியே இன்றும் இருந்தன. எல்லோருக்கும் மேலே, கம்பத்தை இறுக்கிப் பிடித்த இரண்டு வெறும் பாதங்கள். முழங்காலுக்குச் சற்று மேலே கத்தரிக்கோல் போயிருந்தது.

கிரேன்காரர் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அது என்ட கால்."

"காலைக் கொண்டு போ கனடாவுக்கு. எயார்போர்ட்ல கழட்டிக் காட்டு," என்றார் ஸ்டோர்காரர். அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

கிரேன்காரர் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா மிஸ்? ஐம்பது வருசமா இவன் போட்டோவே வரேல்ல எண்டவன். இப்ப போட்டோவில இவன்தான் இருக்கிறான்."

படத்தின் கீழே விளக்கத்தின் ஒரு வரி தப்பியிருந்தது: 'வழுக்குமரத்தின் உச்சியில் கொடியைப் பறித்த துறைமுகத் தொழிலாளி.' பெயர் அடுத்த வரியில் இருந்திருக்க வேண்டும். அடுத்த வரி இல்லை.

உறையைத் தேடி எடுத்து நறுக்கைக் கையில் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் தேங்காய் விலை பற்றிய சிறு செய்தி. திகதி முத்திரையின் ஊதா மை ஈரத்தில் பரவி, மாதம் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது, ஏப்ரல். வருடம் இல்லை. ஆனால் வெட்டியவரின் கை நேராக ஓடவில்லை. மேல் விளிம்பில், தேங்காய்ச் செய்திக்கு மேலே இருந்த செய்தியின் கடைசி வரி கீழ்ப்பாதியாக ஒட்டிக்கொண்டிருந்தது. உதவி ஆசிரியராக இருந்தவர்களுக்கு எழுத்துகளின் கீழ்ப்பாதி போதும். 'கோதுமை மாவுடன் வந்த கப்பல்' என்று படித்தேன்.

படத்தின் மேல்பாதி அந்த மாக் கப்பலுக்குப் பின்னால் இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. மாக் கப்பல் செய்தியை யாராவது வெட்டியிருந்தால் அது 'கோதுமை மா' கோப்பில் இருக்கும். சக ஊழியர் கோப்பை எடுத்துவந்தார். ஏப்ரல் மாதத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். நான்காவது தாளில் அது இருந்தது; முத்திரையில் வருடமும் தெளிவாக இருந்தது, எழுபத்திநாலு. கடைசி வரியின் மேல்பாதி தாளில். கீழ்ப்பாதி என் கையில். இரண்டையும் சேர்த்து வைத்தபோது வரி பொருந்தியது.

முதல் பந்தியிலேயே அமைச்சர் ஒருவர் கப்பலை வரவேற்றிருந்தார். ஆகவே விதிப்படி அந்த நறுக்கு நான்கு மூலையும் படியக் கனத்த தாளில் ஒட்டப்பட்டிருந்தது.

நறுக்குகளுக்கு நான் பொறுப்பு. ஈரப்படுத்தி உரித்தால் பழைய பத்திரிகைத் தாள் கையோடு வந்துவிடக்கூடும். அப்போது மாக் கப்பலும் போகும், வழுக்குமரமும் போகும். இருபது வருடமாக நான் வாசகர்களுக்குச் சொல்லிவந்தது, நனைந்த கையால் நறுக்கைத் தொடாதீர்கள் என்பது. அன்று மாலை வரை முடிவு சொல்லவில்லை.

"மினிஸ்டரைத்தான் ஸ்கேன் எடுத்தாச்சுங்களே அக்கா," என்றார் சக ஊழியர். "ரெண்டு டிஸ்க்ல பத்திரமா இருக்காரு. இவருதான் இன்னும் பசைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு இருக்காரு."

அது சரியான வாதம். கணினி வந்தபோது, இனித் தாளை யாரும் தொடமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. தாளை நனைக்கும் துணிவை அது தரும் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் நூலகத்தை மதியத்துக்குப் பிறகு மூடிவிட்டோம். மேசையில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, நறுக்கின் முகம் கீழே இருக்கும்படி தாளை வைத்து, முதுகில் ஈரத் துணியைப் பரப்பினேன். இருவரையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்திருந்தார்கள்.

"மூச்சு விடலாமா மிஸ்?" என்றார் ஸ்டோர்காரர்.

"அந்தப் பக்கம் திரும்பி விடுங்கோ."

கோதுமை மாப் பசைக்கு ஒரு நல்ல குணம். எத்தனை வருடமானாலும் தண்ணீரை அது மறப்பதில்லை. கனத்த தாள் ஊறி, ஓரத்தில் இளகி, தோல்போலப் படை படையாக உரிந்து வந்தது. கடைசிப் படையைச் சக ஊழியர் மெல்லிய கத்தியால் தூக்கினார். கீழே பழுப்பு நிறத்தில் கூழ்போன்ற பசை மட்டும் தெரிந்தது. பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். முதலில் கொடி வந்தது. பிறகு கொடியைக் கவ்வியிருந்த பற்கள். பிறகு கண்கள், நனைந்து நெற்றியில் ஒட்டிய மயிர், கம்பத்தை வளைத்த ஒரு கை. மற்றக் கை காற்றில் விரிந்திருந்தது.

கீழே போட்டோ கொப்பி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நீதான்டா," என்றார் ஸ்டோர்காரர். பிறகு, "அந்தப் பல்லெல்லாம் இப்ப எங்க?"

கிரேன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பார்த்தார். "பேப்பர்ல வந்தது எண்டு சொன்னனான்தானே," என்றார்.

அகராதிகளின் பாரத்துக்குக் கீழே காயவைத்து, மறுநாள் இரண்டு துண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தோம். நனைத்ததில் மேல் துண்டின் கீழ் ஓரம் உதிர்ந்து, நடுவே ஒரு மெல்லிய கீற்று இல்லாமல் போயிருந்தது. தொடையின் ஒரு பகுதி இல்லை.

பதிவை எழுதினேன். கிரேன்காரர் தன் பெயரைப் போடச் சொன்னார். படவிளக்கத்தில் பெயர் இல்லாதபோது பெயர் போடுவது எங்கள் வழக்கமில்லை என்றேன். பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். 'பெயர் அச்சில் இல்லை. தானே என்று நேரில் வந்து கூறினார். படத்தில் கீழே நிற்பவர் அதை உறுதிப்படுத்துகிறார்' என்று எழுதி, அவர்களுடைய பெயர்களை அந்தக் கூற்றுகளுக்கு உரியவர்களாகச் சேர்த்தேன்.

"இப்ப நான் சாட்சியா?" என்றார் ஸ்டோர்காரர்.

"ஓம்."

"அப்ப இவன் என்னோட மரியாதையா நடக்கோணும்."

அன்று மாலை ஐந்தரைக்கு, கனடாவில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரம் பார்த்து, படத்தை அனுப்பிவிட்டு அழைத்தார். சக ஊழியர் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டார். திரையில் பதினைந்து வயதுப் பேத்தி ஒரு கையில் பாண் துண்டோடு தெரிந்தாள்.

"பாத்தியா பிள்ளை?"

"பாத்தனான் அம்மப்பா. நல்லா இருக்கு. ஏஐ தானே?"

"என்னது?"

"கொம்பியூட்டர்ல செய்யிறது. நானே ரெண்டு நிமிசத்தில செய்வன். பழைய போட்டோ மாதிரியே வரும்."

கிரேன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாரக்கணக்காகத் தேடியது இப்படி ஒரு வாக்கியத்தில் முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உண்மையில் நானும் எதிர்பார்க்கவில்லை. அவளைக் குறைசொல்லவும் முடியாது. எங்கே, எப்போது, யார் என்று கேட்பதற்குப் பதிலாக அவள் காலத்துக்கு உரிய கேள்வியைக் கேட்டாள்.

மேல் துண்டைக் கண்ணாடித் தகட்டோடு தூக்கி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அவருடைய முகத்துக்குள்ளால் மாக் கப்பலின் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. மெதுவாகத் திருப்பினேன்.

"அது என்ன பின்னால?" என்றாள்.

"வாசிக்கட்டா?" என்ற ஸ்டோர்காரர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. இத்தனை தொன் மாவுடன் கப்பல் வந்தது, அமைச்சர் வரவேற்றார், இறக்கும் பணி தொடங்கியது, தட்டுப்பாடு நீங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்று பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் கடைசி வரை வாசித்தார்.

பேத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, சரி. இது மெய்தான்," என்றாள். "இவ்வளவு போரிங்கா ஒருத்தரும் செய்யமாட்டினம்."

கிரேன்காரர் மேசையில் தட்டிச் சிரித்தார்.

"அம்மப்பா, உண்மையா அவ்வளவு உயரம் ஏறினீங்களா?"

"ஏறினனான். கிறீஸ் பூசி இருந்தது."

"விழேல்லையா?"

"விழேல்ல."

"கீழ நிக்கிறது ஆர்? முகமெல்லாம் அழுக்கா."

கிரேன்காரர் தொலைபேசியைச் சக ஊழியரின் கையிலிருந்து வாங்கி, ஸ்டோர்காரரின் பக்கம் திருப்பினார்.

"இவன்தான். இவன் அசையாம நிண்டபடியால்தான் நான் ஏறினன்."

ஸ்டோர்காரர் தலைமயிரைக் கையால் படிய வைத்துக்கொண்டு, "ஹலோ," என்றார்.

மூலம் நூலகத்தை விட்டு வெளியே போகாது. கீழே கடையில் ஒரே தாளின் இரு பக்கமும் பொருந்தும்படி கொப்பி எடுத்தோம். ஒரு பக்கம் வழுக்குமரம், மறுபக்கம் மாவும் தேங்காயும். நூலக முத்திரை வைத்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினார்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணியளவில் ஸ்டோர்காரர் தனியாக வந்தார். அன்றைய பத்திரிகையை எடுத்து, மரண அறிவித்தல்களில் தொடங்கி முதற்பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். போகும்போது, மாலை ஐந்தரைக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு, எங்கள் வைஃபையின் கடவுச்சொல்லைக் கேட்டு, தொலைபேசியில் போட்டுக்கொண்டார்.